இருபத்து மூன்று அடி மாப்பிள்ளை

பதினேழு வீட்டுத் தெருவில் வீடுகள் பதினெட்டு. பதினெட்டாவது வீடு வாய்க்கால் கரையை ஒட்டிப் பிந்திக் கட்டியது. அதற்காகத் தெருவின் பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்த வீட்டுக்காரி உலகம்மைக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற அவள், தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிப் பழகியவள் இல்லை. அவள் வாசலுக்கு நேர் எதிரே என் தையல் கடை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் அளவும் எண்ணிக்கையும் எனக்குத் தப்பாது, அதனால் அந்த வீட்டு வாத்து இருபத்து மூன்று அடி வளர்ந்ததையும் பிறகு நடந்ததையும் நான்தான் சொல்ல வேண்டும் என்று தெருவில் முடிவு செய்துவிட்டார்கள்.

முட்டையைக் கொடுத்தது கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஆபிரகாம். உலகம்மை வீட்டில் பித்தளைக் குடம் இரண்டும் களவு போன மாதம் அது. நாயைவிட இது நல்ல காவல் என்று சொல்லி, பண்ணைக்காரர்கள் கூஸ் வாத்து என்று சொல்கிற பெரிய வெள்ளைச் சாதியின் முட்டை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அடைகாக்கத் தாய் இல்லை. உலகம்மை ஓர் எனாமல் பேசினில் பஞ்சு விரித்து, நாற்பது வாட்ஸ் பல்பின் அடியில் முட்டையை வைத்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியைப் புண் வராமல் புரட்டிப் போடுவது போல ஒரு நாளைக்கு மூன்று தடவை புரட்டிப் போட்டாள். முப்பதாம் நாள் குஞ்சு வெளியே வந்து முதலில் அவளைப் பார்த்தது, அடுத்தபடி பல்பைப் பார்த்தது, அதற்கடுத்து தெருவைப் பார்த்தது. வேறு வாத்து ஒன்றை அது பார்க்கவே இல்லை.

தலையை நிமிர்த்தி, நெஞ்சை முன்னால் தள்ளி, யாரோ பின்னால் குடை பிடித்து வருவது போல நடந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கைக்குழந்தை யாரையாவது அடித்தால், அடிபட்டவர் அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டு, ‘ஐயோ, அடிச்சிட்டாவளே’ என்று பின்னால் ஓட வேண்டும், குழந்தை சிரிக்கும், சுற்றியிருப்பவர்களும் சிரிப்பார்கள், இன்னொரு அடி கிடைக்கும். வாத்துக் குஞ்சிடமும் தெரு முழுவதும் இதையே செய்தது. அது பெருவிரலைக் கவ்வியது. ‘ஐயோ, மாப்பிள்ளை கடிச்சிட்டாரே’ என்று பெரியவர்கள் ஓடினார்கள். கவ்விய வாய்க்குக் காராச்சேவும் கொடுத்தார்கள். நான்கு மாதம் இப்படி நடந்தது. விளையாட்டுக்கு ஓடிய அந்த ஓட்டங்களுக்கு அது ஓர் அங்குலமும் கூடுதலாக வளரவில்லை. நான்காம் மாதம் தடுப்பூசி போட வந்த ஆபிரகாம் கம்பவுண்டர் அதை நிலைக்கதவோடு நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு இழுத்து, முப்பத்து நான்கு அங்குலம், இதுதான் முழு வளர்த்தி, இனிமேல் சதைதான் போடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் தபால்காரர் நாராயணவடிவு ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். மாப்பிள்ளை கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போலச் சீறிக்கொண்டு வந்தது. இது விளையாட்டு இல்லை என்று அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒன்பது தப்படி பின்னால் வைத்தார். வைத்த ஒவ்வொரு தப்படிக்கும் வாத்து ஓர் அங்குலம் உயர்ந்தது. பட்டன் தைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பது தப்படி, ஒன்பது அங்குலம். கடைச் சுவரில் துணிக்குக் கோடு போடும் சாக்குக் கட்டியால் ஒன்பது கோடு கிழித்து, பக்கத்தில் தபால்காரர் என்று எழுதினேன். முதல் வரிசை அதுதான்.

மாப்பிள்ளை வளர்வதைப் பற்றித் தெருவில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. வளர்கிற வயது என்றார்கள். வாய்க்கால் தண்ணீர் அப்படி என்றார்கள். கீரைக்கார இசக்கியம்மாள் ஏழு தப்படி, ராமலட்சுமி டீச்சர் எட்டு, கொத்தனார் சுடலைமுத்து கம்பை எடுத்து அடிக்கப்போய் அடி விழாமல் பன்னிரண்டு, ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர் ஒருவர் கைகூப்பியபடியே இருபத்தாறு. இருபத்தாறு தப்படி கைகூப்பியபடி பின்னால் நடப்பது சாதாரணக் காரியமில்லை என்று அன்று அவரைத் தெருவே பாராட்டியது. வானமாமலைத் தாத்தா நான்கு தப்படிதான் வைத்தார், ஐந்தாவதுக்கு மூட்டு ஒத்துழைக்கவில்லை. இப்படி மூன்று வருடத்தில் சுவரில் முப்பத்தொரு பேர், இருநூற்று முப்பத்தொரு கோடுகள் ஆயின, மாப்பிள்ளையின் தலை மாடிவீட்டு ஜன்னல்களைத் தாண்டிப் போனது.

தாண்டிப் போனபின் தெரு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது. மின்வாரியத்து ஆட்கள் வந்து கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார்கள். மினிபஸ் கண்டக்டர் ‘வாத்து இறங்கு’ என்று கூவ ஆரம்பித்தார். டீச்சர் வீட்டு மாடி ஜன்னலில் தினமும் ஏழரை மணிக்கு ஒரு பெரிய ஆரஞ்சு மூக்கு வந்து நிற்கும், டிவி தொடர் முடிந்ததும் போகும். விளம்பரம் வந்தால் மட்டும் சீறும். கூச்சல் கேட்டால் அது அந்தப் பக்கம் வரும் என்பதால் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் எல்லாம் குசுகுசுவென்று நடந்தன, குசுகுசுவென்று திட்டுவதில் சுவாரசியம் குறைவாக இருந்ததால் பாதியில் நின்றும் போயின. ஐப்பசி மழையில் ரேஷன் வரிசையே அதன் இடது சிறகுக்குக் கீழே நின்று சர்க்கரை வாங்கியது. பின்பக்கமாகப் போய் ஒதுங்கினால் அது கண்டுகொள்ளாது. மூன்று வருடத்தில் தெருவில் ஒரு குடம்கூடக் களவு போகவில்லை. அது யாரையும் மிதிக்கவில்லை, யார் எலும்பையும் முறிக்கவில்லை. துண்டைப் பிடுங்கும், குடையைப் பிடுங்கும், பிடுங்கியதை உலகம்மை வீட்டு மொட்டைமாடியில் போடும். சனிக்கிழமை சனிக்கிழமை அவரவர் பொருளை அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்வார்கள்.

உலகம்மைக்கு முன்னால் மட்டும் அது கழுத்தை வளைத்துத் தலையைத் தரைக்குக் கொண்டுவரும். அவள் காதோரத்தில் சொறிந்துவிடுவாள். அவள் ஒரு நாளும் அதற்கு முன்னால் பின்வாங்கியதில்லை. என் சுவரில் அவள் பெயர் இல்லை.

கொத்தனார் ஒரு நாள் டீச்சர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நூலில் தூக்குக்குண்டு விட்டு அதை முறையாக அளந்தார். இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்.

“இருநூத்தி எழுவத்தாறு இஞ்ச், வே. இருபத்து மூணு அடி. உம்ம சுவர்ல எவ்வளவு?”

“இருநூத்தி முப்பத்தொண்ணு.”

“கதவுல கம்பவுண்டர் போட்ட கோடு முப்பத்து நாலு. ரெண்டையும் கூட்டினா இருநூத்தி அறுவத்தஞ்சு. பதினோரு இஞ்ச் இடிக்குதே.”

“உம்ம நூல் இழுபட்டிருக்கும்.”

“என் நூலு இருபது வருசமா இழுபடல” என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் ஊசியில் நூல் கோத்தேன். நாலாவது தடவைதான் நுழைந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை நகராட்சிச் சுவரொட்டி வந்தது. ஊர் எல்லைக்குள் மூன்று அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள வளர்ப்புப் பறவை இருக்கக் கூடாது; வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து அளப்பார்; மேற்பட்டிருந்தால் கிரேன் வைத்து லாரியில் ஏற்றி அகற்றப்படும். எங்கே கொண்டுபோவார்கள் என்று அதில் எழுதவில்லை. மட்டன் கடை பீர்முகம்மது அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “எங்கிட்ட கேட்டா நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன்” என்றார், யாரும் கேட்காமலே.

உலகம்மை சுவரொட்டியைப் படித்தாள். உள்ளே போய்த் தகரப்பெட்டியை இறக்கி, நாலு சேலையை மடித்து வைத்தாள். கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது.

“எங்க மதினி கிளம்புதீய?” என்று டீச்சர் கேட்டாள்.

“அது லாரில போனா நான் மட்டும் இங்கன என்ன செய்ய? டிரைவர் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கும்லா.”

அவள் கேட்டது அந்த ஒரு சீட்டைத்தான். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் தெருவில் அவள் கை பிடிக்காத பிரசவம் இல்லை, அவள் துடைக்காத சாவும் இல்லை. அன்று மாலை தெருவில் யாரும் டிவி போடவில்லை. மாப்பிள்ளை ஏழரைக்கு வந்து இருட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

செவ்வாய்க்கிழமை காலை இசக்கியம்மாள் தலையில் கீரைக் கூடையோடு வந்தாள். ஏழு இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். மாப்பிள்ளை வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவள் இரண்டு கையும் மேலே கூடையைப் பிடித்திருந்ததால் அகலமாகத் தெரிந்தாள். ஓடவும் வழியில்லை, ஓடினால் கீரை கொட்டும். “நீ ஒரு பக்கம் நில்லு, எனக்கு நேரமாச்சு” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு, கத்தாமல், கம்பு எடுக்காமல், நேராக அதை நோக்கி நடந்தாள். அவள் வைத்த முதல் தப்படிக்கு வாத்து ஓர் அங்குலம் இறங்கியது. ஏழு தப்படிக்கு ஏழு அங்குலம். எட்டாவது தப்படியும் வைத்தாள், ஒன்பதாவதும் வைத்தாள். அது இறங்கவில்லை, ஒதுங்கி மட்டும் நின்றது. அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

நான் சுவரைப் பார்த்தேன். இசக்கியம்மாள், ஏழு. துணியால் அந்த ஏழு கோட்டையும் துடைத்தேன்.

ஆபிரகாம் கம்பவுண்டரைக் கூட்டிவந்தோம். அவர் நாடி பிடிப்பவர் போல வாத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தனியா மனுசங்க கையில வளந்தது. நம்மளத்தான் தன் கூட்டம்னு நினைச்சுக்கிட்டிருக்கு. கூட்டத்துல யாரு பெரிய ஆளுன்னு அதுக்கு முடிவு பண்ணணும். நாம பயந்து பின்னால வச்ச ஒவ்வொரு தப்படியும் அதுக்கு ஒரு பிரமோஷன். அதைத் திரும்ப வாங்கணும்னா, வச்ச ஆளே வரணும். அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, தீனி காட்டக் கூடாது. கையை விரிச்சு, நெஞ்சை நிமித்தி, மெதுவா முன்னால நடக்கணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா” என்றார் கொத்தனார். இருபத்திரண்டு அடி ஐந்து அங்குலத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீரு எத்தனை தப்படி வே?” என்று கேட்டார்.

“மூணு” என்றார் கம்பவுண்டர் அடங்கிய குரலில்.

அவர்தான் முதலில் போனார். அவருக்குப் பின்னால் கொத்தனார், பீர்முகம்மது, டீச்சர் என்று தெருவே கையை விரித்துக்கொண்டு நடந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நடந்ததில் ஆறாவது தப்படியில் மாப்பிள்ளையின் நெஞ்சிலேயே முட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மீதி இரண்டையும் வைத்தாள். தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போன நாராயணவடிவு அரைநாள் லீவில் காக்கிச் சட்டையோடு வந்து ஒன்பதையும் கட்டிமுடித்தார். திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தெருப் பெண் ஒருத்தி, தன் கணக்கைத் தீர்க்க வந்தவள், புருஷனையும் கூட்டிவந்தாள். அவன் சும்மா பார்க்க வந்து, பார்த்த இடத்தில் ஐந்து தப்படி பின்னால் வைத்துவிட்டான், அவனை அங்கேயே நிறுத்தி அந்த ஐந்தையும் முன்னால் நடக்க வைப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. கட்சிக்காரர் ஒரு வீடியோக்காரரோடு வந்து இருபத்தாறு தப்படியும் முன்னால் வைத்தார். இப்போதும் கைகூப்பியபடிதான் வந்தார், அவருக்குக் கையை விரிக்க வரவில்லை. வாத்து அதை ஏற்றுக்கொண்டது.

வானமாமலைத் தாத்தா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயருக்கு நேரே நான்கு கோடுகள் அப்படியே நின்றன. என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி தங்கப்பழம் உள்ளே போய் அவருடைய டயர் செருப்பு இரண்டையும் எடுத்துவந்தார். குனிந்து வலது செருப்பைத் தெருவில் வைத்தார். அதற்கு முன்னால் இடது செருப்பை வைத்தார். வலதை எடுத்து முன்னால் வைத்தார். இடதை எடுத்து முன்னால் வைத்தார். “மூட்டு வலியோட வாராவ, கொஞ்சம் பொறு” என்று வாத்திடம் சொன்னார். மாப்பிள்ளை கழுத்தைச் சாய்த்து அந்தச் செருப்புகளை வெகுநேரம் பார்த்தது. பிறகு நான்கு அங்குலம் இறங்கியது. நான் நான்கு கோட்டையும் துடைக்கும்போது சாக்குப் பொடி கண்ணில் விழுந்தது.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சுவரில் ஒரு கோடும் இல்லை. முப்பது பேரும் தெருவில் நின்றார்கள், தாத்தாவின் செருப்பு இரண்டும் நின்றன. கொத்தனார் உலகம்மை வீட்டு நிலைக்கதவோடு வாத்தை நிறுத்தி டேப் பிடித்தார்.

“நாப்பத்தஞ்சு” என்றார். மறுபடியும் பிடித்தார். “நாப்பத்தஞ்சேதான். மூணு அடிக்கு மேல ஒம்பது இஞ்ச். பழைய கோட்டுக்கு மேல பதினொண்ணு.”

“யாரோ ஒருத்தர் பேரு விட்டுப்போச்சு” என்றார் கம்பவுண்டர்.

“டெய்லர் சுவர்ல விட்டுப்போகுமா?” என்றாள் டீச்சர். “ஒரு பட்டனுக்கு எத்தனை துளைன்னு கேட்டாக்கூட எண்ணிச் சொல்லுவாரு.”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். உலகம்மை மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியும்.

தபால்காரர் வருவதற்குப் பதினேழு நாள் முன்பு, தைத்த ரவிக்கை மூன்றைக் கொடுக்க நான் அவள் வாசலுக்குப் போனேன். ‘உள்ள வாங்க அண்ணாச்சி, காபி போட்டிருக்கேன்’ என்று அவள் சொன்னாள். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, காபி குடித்து, பேச்சுக்குப் பதில் பேச்சுப் பேசுவது எனக்கு வராத வித்தை. தயங்கி நின்றபோது நிலைக்கதவுக்குப் பின்னாலிருந்து முப்பத்து நான்கு அங்குல வாத்து தலையை நீட்டிச் சீறியது. ரவிக்கைகளை மதிலில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தேன். அவள் வாசலிலிருந்து என் கடைப்படி வரை பதினோரு தப்படி. வாத்துக்குப் பயந்தது பாதிதான். மீதிப் பாதி எதற்கென்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தப்படிக்கும் அது உயர்ந்ததை அளக்கப் பழகிய என் கண் பார்த்தது. அன்று நான் சாக்குக் கட்டியைத் தொடவில்லை. ஊரார் பின்வாங்கியதை எல்லாம் எண்ணியவன் என்னுடையதை எழுதவில்லை.

கடைக்குள் போய், சுவரின் உச்சியில், தபால்காரர் பெயர் இருந்த இடத்துக்கும் மேலே, பதினோரு கோடு கிழித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். கொத்தனார், “என் நூலு இழுபடலன்னு சொன்னேம்லா” என்றார்.

“சொல்லியிருக்கலாமே மதினி” என்றாள் டீச்சர் உலகம்மையிடம்.

“அவிய எழுதுவாவன்னு இருந்தேன்” என்றாள் அவள்.

நான் கடைப்படியில் நின்று கையை விரித்தேன். அறுபத்தாறு வயதில் நான் கையை அப்படி விரித்ததே இல்லை. பிறரை விரிக்கச் சொல்லித்தான் பழக்கம். மாப்பிள்ளை கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறியது. மூன்றாவது தப்படியில் வேட்டி காலில் சிக்கியது, கையை இறக்காமலே உதறிவிட்டு நடந்தேன். ஏழாவதில் அது கழுத்தை மேலே தூக்கியது. ஒன்பதில் பக்கவாட்டில் திரும்பியது. பதினொன்றாவது தப்படியை வைத்தபோது என் கால் உலகம்மையின் வாசலுக்கு உள்ளே இருந்தது, வாத்தின் உச்சந்தலை பென்சில் கோட்டுக்கு நேராக இருந்தது.

“காபி போட்டு மூணு வருசமாச்சு” என்றாள் உலகம்மை. “ஆறியிருக்கும். வேற போடுதேன், உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார், பின்னால் கிரேனும் லாரியும் வந்தன. இளவயதுக்காரர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் புது டேப். பதினெட்டு வீட்டு ஜனமும் இரண்டு பக்கமும் நின்றது. தகரப்பெட்டி வாசலில் இருந்தது. உலகம்மை அதை இன்னும் உள்ளே எடுக்கவில்லை.

“இதுவா இருபத்து மூணு அடி?” என்றார் அவர், முப்பத்து நான்கு அங்குல வாத்தைப் பார்த்து.

“வெயில்ல சுருங்கிருக்கும் சார்” என்றார் கொத்தனார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே டேப்பை இழுத்தார். புது டேப், இழுத்ததும் சரக்கென்று சத்தம் போட்டது. மாப்பிள்ளை கழுத்தை நீட்டியது. அதிகாரி ஒரு தப்படி பின்னால் வைத்தார். முப்பத்தைந்து. சீறல் கேட்டதும் இன்னொன்று. முப்பத்தாறு, சரியாக மூன்று அடி. அவர் வலதுகால் மூன்றாவது தப்படிக்குத் தரையை விட்டுக் கிளம்பியது.

நான் அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். என் வாழ்நாளில் நான் தொட்டு அளந்த முதுகுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அளக்காமல் ஒருவர் முதுகில் கை வைத்தது அன்றுதான். உள்ளங்கையை விரித்து அவர் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்து, தள்ளாமல், தாங்கி மட்டும் பிடித்துக்கொண்டேன்.

“அங்கனயே நில்லுங்க சார்” என்றேன். “ஒண்ணும் செய்யாது. நானும் பயந்தவன்தான்.”

கிளம்பிய கால் இருந்த இடத்திலேயே இறங்கியது. அவர் முதுகில் இதயம் அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, சிறகை ஒரு தடவை உதறி மடக்கிக்கொண்டு அளவெடுக்க நிற்கும் ஆளைப் போல நிமிர்ந்து நின்றது. அதிகாரி டேப்பைப் பிடித்தார். முப்பத்தாறு. மூன்று அடிக்கு மேற்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிரேன் திரும்ப இடமில்லாமல் தெரு முழுவதும் பின்னாலேயே போனது. அதை எண்ணும் வேலை எனக்கில்லை.

உலகம்மை தகரப்பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். நான் கடைக்கு வந்து, என் பதினோரு கோட்டையும் துடைத்துவிட்டு, வெறும் சுவரில் இரண்டு கோடு கிழித்து, நகராட்சி அதிகாரி என்று எழுதினேன். அது நடந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. மாப்பிள்ளை இன்னும் முப்பத்தாறு அங்குலத்தில்தான் நிற்கிறது. இரண்டாம் சனிக்கிழமைகளில் அதிகாரி மினிபஸ்ஸில் வந்து வாத்து நிறுத்தத்தில் இறங்குகிறார், தெருமுனையில் நின்று எட்டிப் பார்க்கிறார், கையைக் கொஞ்சம் விரித்துப் பார்த்துக்கொள்கிறார், திரும்பிப் போகிறார். வரட்டும். உலகம்மை அன்றைக்கு அவருக்கும் சேர்த்து மூன்று டம்ளர் காபி போடுகிறாள். மூன்றாவதை ஆறும்வரை வைத்திருந்து, பிறகு நான் குடித்துவிடுகிறேன்.